என்எஸ்டிஐ கன்சல்டன்சிக்குக் கூப்பிடுகினம். போட்டல் போட ஒரு கிழமை காணும், திட்டம் ஏன் 18 மாதம்?

வரைபடப்பெடியன் (கோண்டாவில்), ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். பெலிகுல்ஓயாவில ஜியோமற்றிக்ஸ் (நில அளவை, வரைபடப் படிப்பு) முடிச்சு ஆறு வருசம். இப்ப யாழ்ப்பாணத்தில ஒரு திட்டத்தில ஜிஐஎஸ், அதான் கணினி வரைபட வேலை. ஒப்பந்தம் மார்கழியோட முடியுது, நீடிப்பினமோ தெரியாது.

போன கிழமை ஒரு ஐரோப்பியக் கம்பனி தொடர்பு கொண்டது. ஆபிரிக்க நாடொண்டில தேசிய இடஞ்சார் தரவு உட்கட்டமைப்பு, அதான் என்எஸ்டிஐ (நாட்டின்ர வரைபடத் தரவைக் கந்தோருகள் தங்களுக்குள்ள பங்குபோட்டுப் பாவிக்கிற ஏற்பாடு), கட்டுற திட்டத்துக்குக் கேள்விப்பத்திரம் போடுகினம். உலக வங்கிக் காசு. காலம் 18 மாதம். என்னை "மெற்றாடேற்றா, ஜியோபோட்டல் நிபுணர்" எண்டு போடப்போகினமாம். மெற்றாடேற்றா எண்டால் தரவைப் பற்றின விபரம், போட்டல் எண்டால் வரைபடத் தரவைத் தேடி எடுக்கிற இணையத்தளம். 70 வேலை நாள், அதில 40 நாள் அங்க, மிச்சம் வீட்டில இருந்து. தங்கட படிவத்தில சீவியை (சுயவிபரத்தை) நிரப்பிக் கையெழுத்து வைச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பட்டாம்.

ரீஓஆர் (என்ன வேலை எண்டு சொல்லுற பத்திரம்) 46 பக்கம், இரண்டு தரம் வாசிச்சன். எனக்கு விளங்காதது இதுதான்: ஜியோசேர்வர், ஜியோநெட்வேர்க், முன்னுக்கு ஒரு வரைபடப் பக்கம், எல்லாம் இலவச மென்பொருள். தனிய இருந்தால் ஒரு கிழமையில ஏத்திப்போடுவன். ஐஎஸ்ஓ 19115 எண்ட சர்வதேச நியமத்தின்படி மெற்றாடேற்றாப் படிவம் செய்ய இன்னொரு கிழமை. பேந்து எதுக்கு 18 மாதமும் ஒன்பது நிபுணரும்? வெறும் காசு கரைக்கிற வேலையோ? அப்பிடியெண்டால் அதுக்குள்ள போய் என்ர பெயரைக் கெடுக்க விருப்பமில்லை. ஆனால் வீட்டு நிலைமைக்குக் காசும் தேவை.

கையெழுத்து வைக்க முதல் என்ன கேக்கவேணும்? முன்னம் போனாக்கள் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.


பனிக்காட்டான் (ஒஸ்லோ)

தம்பி, நான் இஞ்ச ஒரு நகரசபையில வரைபடப் பகுதியில வேலை. கன்சல்டன்ட் எல்லாம் இல்லை. ஆனால் நோர்வேயில நடக்கிறதைச் சொல்லுறன்.

இஞ்ச விரிவான வரைபடம் ஒருத்தர் செலவில கீறிறதில்லை. 1992 இலிருந்து கியோவெக்ஸ்ட் எண்டு ஒரு ஏற்பாடு இருக்கு. வரைபடத் திணைக்களம், நகரசபையள், வீதித் திணைக்களம், மின்சாரக்காரர், தொலைபேசிக்காரர் எல்லாரும் செலவைப் பங்குபோட்டுத்தான் விமானப்படம் எடுக்கிறது. ஆர் எவ்வளவு குடுக்கிறது, வரைபடத்தில எந்தக் கோட்டை ஆர் புதுப்பிக்கிறது எண்டெல்லாம் எழுத்தில இருக்கு. பிறகு 2005 அளவில அதுக்கு மேல ஒரு பெரிய கூட்டு. நீங்கள் சொல்லுற போட்டல் எல்லாம் அதுக்குப் பிறகு வந்த சாமான். எங்கட கந்தோரில போட்டல் ஒரு நாள் விழுந்தால் ஒருத்தரும் பெரிசா அலட்டிக்கொள்ளுறேல்லை. செலவுப் பங்கு வராட்டித்தான் கூட்டம் வைப்பினம்.


சங்கிலிக்காரன் (கொக்குவில்)

தம்பி, வெள்ளிக்கு முதல் கண்ணில பட்டது நல்லதாப் போச்சு. நான் தியத்தலாவையில படிச்ச பழைய சேவையர். சங்கிலி இழுத்த கடைசிப் பரம்பரை எண்டு வையுமன். கன்சல்டன்ட் எண்ட பட்டம் ஐம்பத்தைஞ்சுக்குப் பிறகுதான் வந்தது. நாலு நாட்டில இந்த வேலைக்குப் போயிருக்கிறன்.

உம்மட கணக்கு பிழையில்லை. நான் இருந்த ஒரு இடத்தில எங்கட குழுவில ஒரு பெடியன் நாலு நாளில போட்டலை ஏத்தினவன். மிச்சம் ஏன் இழுபடுது எண்டதுக்கு வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை, எங்கட ஊர்க் கதை ஒண்டு சொல்லுறன்.

சுன்னாகப் பக்கம் கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதக்குது எண்டு ஊரே கலங்கின காலம். ஒரு ஊர்ச் சங்கத்து ஆக்கள் என்னட்ட வந்தினம். மூண்டு கந்தோரில கிணத்துப் பட்டியல் இருக்கு, மூண்டையும் ஒரே படத்தில போட்டுத் தாங்கோ எண்டு. ஒரு பின்னேரத்து வேலை எண்டு நினைச்சு வாங்கினன். ஏழு கிழமை போச்சு.

முதல் பட்டியலை ஏத்தினன். ஒரு கிணறும் குடாநாட்டில இல்லை. கொழும்புக்கு நேர் மேற்கே, கன்னியாகுமரிக்குத் தெற்கே, நடுக்கடலில குவிஞ்சு கிடக்குது. பார்த்தால் அந்தக் கந்தோர் ஆள்கூறு (இடத்தைக் காட்டுற எண்) எழுதினது நாட்டு வரைபடத்தின்ர பழைய கட்டத்தில. பழைய கந்தவல கட்டத்தில மூலப்புள்ளிக்கு, அதான் தூரம் எண்ணத் தொடங்கிற இடத்துக்கு, குடுத்த எண் 200000, 200000. 1999 கட்டத்தில அது 500000, 500000. சுன்னாகம் பழையதில கிழக்கு 119000, வடக்கு 503000 அளவில வரும். அதைப் புதுசு எண்டு ஏத்தினால் முந்நூறு கிலோமீற்றர் மேற்கையும், இன்னொரு முந்நூறு தெற்கையும் போய் விழும். இரண்டு பக்கமும் 300000 கூட்டினன், கிணறெல்லாம் கரையேறிச்சுது.

இரண்டாவது பட்டியல் கையில பிடிக்கிற ஜிபிஎஸ்ஸால எடுத்தது. அதையும் முதலாவதையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சால் ஒரே கிணறு இரண்டு மூண்டு ஒழுங்கை தள்ளி நிக்குது. பழைய வரைபடம் பூமியின்ர வடிவத்துக்கு எடுத்த எவரெஸ்ட் 1830 நீள்வட்டத்தில இருந்து ஜிபிஎஸ் பாவிக்கிற டபிள்யூஜிஎஸ் 84க்கு மாத்திற அளவுருவைப் போடேல்லை. அது என்ர கவலையீனம். ஒரு நாளில திருத்தினன்.

ஏழு கிழமையைத் திண்டது மூண்டாவது. அதில ஆள்கூறே இல்லை. சொந்தக்காரர் பெயர், விதானையார் பிரிவு, காணிப் பெயர், அவ்வளவுதான். பங்குக் கிணறு உமக்குத் தெரியும். உறுதியில "கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு" எண்டு கிடக்கும். நாலு பங்காளர், நாலு பேரும் தங்கட தங்கட பெயரில தண்ணியைப் பரிசோதனைக்குக் குடுத்திருக்கினம், வேற வேற மாதத்தில. பட்டியலில நாலு கிணறு, நிலத்தில ஒண்டு. அந்த நாலில ஒண்டில எண்ணெய் இருக்கு, மூண்டில இல்லை எண்டு அறிக்கை! சைக்கிளில போய், படலையில நிண்டு, "ஆச்சி, இந்தக் கிணறு ஆற்றை?" எண்டு கேட்டுக் கேட்டுத்தான் பிரிச்சன். ஒரு ஆச்சி என்னைக் காணிக் கந்தோர் ஆள் எண்டு நினைச்சு உறுதிக் கட்டையே கொண்டுவந்து விரிச்சவ. அதில பரப்புக் கணக்குத் தொடக்கம் துலா நிண்ட மூலை வரைக்கும் இருந்தது. மூண்டு கந்தோர்ப் பட்டியலையும் விட அந்த உறுதி திறம்.

ஊர்ப் பெயர் இன்னொரு கூத்து. சுன்னாகத்தை இங்கிலீசில ஒருத்தர் "கே" போட்டு எழுதுறார், மற்றவர் "ஜி" போடுறார். கணினிக்கு அது இரண்டு ஊர். யாழ் மாவட்டத்தில 435 கிராம சேவையாளர் பிரிவு, எல்லாத்துக்கும் ஜேயில தொடங்கிற இலக்கம் இருக்கு. அந்த இலக்கத்தை எழுதியிருந்தால் பெயரை எப்பிடிப் பிழையா எழுதினாலும் பிரச்சினையில்லை. மூண்டு பட்டியலிலும் எழுதேல்லை.

என்எஸ்டிஐ எண்டது அந்த மூண்டு கந்தோரும் ஒரு கிணத்துக்கு ஒரு இலக்கம் போடச் சம்மதிக்கிறது, அந்த இலக்கத்தை ஆர் வைச்சிருக்கிறது எண்டு முடிவெடுக்கிறது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பில (காணிப் பதிவேட்டில) அதை ஒரே கந்தோர் செய்தது, வரி அறவிடவேணும் எண்டதால. எங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

சரி, இந்தச் சொல் எங்கயிருந்து வந்தது எண்டதையும் பாரும். 1994 சித்திரையில அமெரிக்க சனாதிபதி கிளின்டன் 12906 ஆம் இலக்க நிறைவேற்று ஆணையில கையெழுத்து வைச்சவர். அதில ஒரு பல்லு இருந்தது. மத்திய அரசு நிறுவனமொண்டு புதுசாத் தரவு சேகரிக்கக் காசு செலவழிக்க முதல், அது ஏற்கனவே ஆரிட்டையும் இருக்கோ எண்டு கிளியரிங்ஹவுசில (ஆரிட்ட என்ன தரவு இருக்கு எண்ட பொதுப் பட்டியலில) பாக்கவேணும். ஐரோப்பாவில 2007 இல இன்ஸ்பயர் எண்ட இடஞ்சார் தரவு நெறிமுறையும் சட்டமாத்தான் வந்தது. நான் போன நாடுகளுக்கு கிளியரிங்ஹவுஸ் வந்தது, பல்லு வந்து சேரேல்லை.

ஒரு நாட்டில (பெயர் வேண்டாம்) ஒரே தலைநகரத்தின்ர ஒரே செய்மதிப் படத்தை மூண்டு அமைச்சு தனித்தனியக் காசு குடுத்து வாங்கியிருந்தது. எங்களுக்கு அது தெரியவந்தது தேத்தண்ணி குடிக்கேக்க. பக்கத்துக் கட்டடத்துச் சுவரில அதே முகிலோட அதே படம் தொங்குது. அந்தத் திட்டத்தில போட்டல் போட்டம், அமைச்சர் வந்து திறந்தவர், நாங்களும் படம் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டம். இரண்டு வருசம் கழிச்சு வீட்டில இருந்து அதைத் திறந்து பார்த்தன். திறந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒவ்வொரு பதிவிலும் கடைசியாப் புதுப்பிச்ச திகதி எங்கட பயிற்சிப் பட்டறையின்ர கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் எல்லாரும் ஐஞ்சு ஐஞ்சு பதிவு போடவேணும் எண்டு நான்தான் சொன்னனான்.

இப்ப உம்மட ரீஓஆருக்கு வருவம். ஐஜிஐஎஃப் எண்ட சொல் அதில பத்துத் தரமாவது இருக்கும். 2018 இல ஐநாவின்ர இடஞ்சார் தகவல் குழுவும் உலக வங்கியும் சேர்ந்து கொண்டுவந்த சட்டகம் அது. ஒன்பது வழித்தடம். தரவு, புத்தாக்கம், நியமம் எண்ட மூண்டும்தான் உம்மட பக்கம். மற்ற ஆறும் ஆட்சி, சட்டம், நிதி, கூட்டு, ஆட்களைப் பயிற்றிறது, தொடர்பாடல். 18 மாதம் அந்த ஆறுக்கு. மூண்டு மாதம் கடிதம் போகவர, நாலு மாதம் ஒரு செயலாளரின்ர கையெழுத்துக்கு. அந்த நேரம் நீர் சும்மா இருக்கிறமாதிரித்தான் தெரியும்.

கம்பனியிட்ட மூண்டு விசயம் கேளும். ஒண்டு, எந்த நிறுவனத்தின்ர கூரைக்குக் கீழ இது இருக்கப்போகுது, அந்த நிறுவனத்துக்கு மற்ற அமைச்சுகளைக் கூப்பிட்டால் வருவினமோ. நில அளவை ஒரு அமைச்சு, ஐசிரி (தகவல் தொழினுட்பம்) இன்னொரு அமைச்சு எண்டு இருந்தால் முதல் ஆறு மாதமும் கதிரைச் சண்டைதான். இரண்டு, அந்த நாட்டு வரைபடத் திணைக்களம் படம் வித்துச் சீவிக்கிறதோ. வித்துச் சீவிக்கிற ஆளிட்டப் போய் இலவசமாப் போடு எண்டால் போடுவாரோ? அந்தக் காசுக்கு ஈடு எங்கயிருந்து வருது எண்டு ரீஓஆரில ஒரு வரி இருக்கவேணும். மூண்டு, 19 ஆம் மாதம், அதான் திட்டம் முடிஞ்ச பிறகு. சேவர் வாடகையும் இரண்டு உத்தியோகத்தரின்ர சம்பளமும் அந்த நாட்டின்ர சொந்த மீண்டெழும் செலவில இருக்கோ, இல்லாட்டி இன்னொரு கடனுக்குக் காத்திருக்கினமோ.

உம்மட சொந்த விசயமும் இருக்கு. இந்த மாதிரிக் கேள்விப்பத்திரத்தில முக்கிய நிபுணர்களின்ர சீவிக்குப் புள்ளி கிடைக்குது. உம்மட சீவியில வெண்டுபோட்டு, பேந்து மலிவான ஆளைப் போடுற கம்பனியளும் இருக்கு. எனக்கு ஒருக்கா அப்பிடி நடந்தது. இன்னொருக்கா, இறுதி அறிக்கையை அந்த அரசாங்கம் ஏற்றுக்கொள்ளேல்லை எண்டு என்ர கடைசித் தவணை 11 மாதம் கிடந்தது. நான் எழுதின பகுதியில ஒரு பிழையும் இல்லை, வேற ஆற்றையோ அத்தியாயம். அதால, காசு நாள் கணக்கிலயோ அறிக்கை கணக்கிலயோ எண்டு முதலே எழுத்தில வாங்கும். பயணத்தில போற நாளுக்குக் காசோ, வரி ஆர் கட்டுறது, அங்க வருத்தம் வந்தால் காப்புறுதி ஆற்றை எண்டும் கேளும். ஒரே கேள்விப்பத்திரத்துக்கு இரண்டு கம்பனிக்குக் கையெழுத்து வைக்காதையும்.


மீன்பாடும்அக்கா (மட்டக்களப்பு)

சங்கிலிக்காரன் ஐயா சொன்னதில் முக்கால்வாசிக்கு ஒத்துப்போகிறேன். ஆனால் வாசித்தால் தம்பிக்கு இருக்கிற ஆசையும் போய்விடும் போல இருக்கிறதே!

2004 மார்கழி 26 கடல் அடித்த பிறகு எங்கள் ஊருக்கு வந்த ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வரைபடத்தோடு வந்தது. ஒரே முகாமுக்கு நாலு பெயர். நான் அப்போது மொழிபெயர்ப்பாளராக ஓடித்திரிந்தேன். எந்த லொறி எங்கே போகிறது என்று ஒரு பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பியில்தான் எழுதி வைத்தோம். பல வருடம் கழித்து, உலக வங்கியின் திறந்த தரவு முயற்சியில் எங்கள் மண்முனை வடக்கில் கட்டடங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடத்தில் கீறினார்கள். செய்மதிப் படத்தைப் பார்த்துக் கீறிவிட்டு, களத்துக்குப் போய் எத்தனை மாடி, கூரை ஓடா தகரமா என்று சேர்த்தார்கள். அதற்கு யாரும் சட்டம் போட்டுக் காத்திருக்கவில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் ரிஸ்க்இன்ஃபோ என்ற வரைபடத் தரவுத் தளமும் ஜியோநோட் என்ற இலவச மென்பொருளில்தான் வந்தது.

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரை பொறுத்திருந்தால் அந்த வீடுகள் இன்னும் படத்தில் ஏறியிருக்காது. ருவாண்டாவைப் பாருங்கள். 2009 இலிருந்து நாலைந்து வருடத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட காணித் துண்டுகளைப் பதிந்தார்கள். விமானப்படத்தை அச்செடுத்து, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, அயலவர் நிற்க எல்லையைக் கோடு போட்டார்கள். சென்ரிமீற்றர் துல்லியம் கேட்டிருந்தால் நடந்திருக்குமா?

தம்பி போகட்டும். போய், அங்கே உள்ள பெடியன்கள் நாளைக்கே பாவிக்கக்கூடிய ஒரு வரைபட அடுக்கையாவது செய்துவிட்டு வரட்டும்.


சங்கிலிக்காரன் (கொக்குவில்)

பிள்ளை சொல்லுறது நியாயம். ருவாண்டாவை நானும் மெச்சுறன், துல்லியமா அளக்காமல் பொது எல்லை போதும் எண்டு துணிஞ்சது பெரிய விசயம். ஆனால் அங்கயும் பதிஞ்சு முடிஞ்ச பிறகு காணி கைமாறேக்க சனம் கந்தோருக்கு வராமல் விடுறதுதான் தலையிடி. பதியிறதுக்குக் கடன் குடுப்பினம், புதுப்பிக்கிறதுக்குக் குடுக்கமாட்டினம்.

எங்கட பிம்சவிய எண்ட காணி உரித்துப் பதிவுத் திட்டத்தையும் பாருங்கோ. 1998 ஆம் ஆண்டின்ர 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம், வேலை தொடங்கினது 2007 இல, இண்டைக்கும் முடியேல்லை. இஞ்ச யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமையும் பங்குக் காணியும் சேரேக்க ஒரு துண்டுக்குள்ள எத்தினை பேர் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் போகவேண்டாம் எண்டு தம்பிக்குச் சொல்லேல்லை. நானும் போனனான், பிள்ளையளைப் படிப்பிச்சதும் அந்தக் காசிலதான்.

பிள்ளை, அந்த அப்பியாசக் கொப்பி இப்பவும் இருக்கோ? இருந்தால் எறியாதேங்கோ.


மீன்பாடும்அக்கா (மட்டக்களப்பு)

இருக்கிறது ஐயா. அட்டை கரையான் அரித்துவிட்டது, உள்ளே பிழையில்லை.


வரைபடப்பெடியன் (கோண்டாவில்), வியாழன்

எல்லாருக்கும் நன்றி. கம்பனிக்கு எழுதினன். முதல் கேள்விக்கு அண்டைக்கே பதில் வந்தது. நிறுவனம் திட்டமிடல் அமைச்சுக்குக் கீழ, தலைமை தாங்கிறது நிதி அமைச்சின்ர செயலாளர். நல்லது எண்டு நினைக்கிறன்.

படம் விக்கிற கேள்விக்கு, "நல்ல கேள்வி, தொடக்க அறிக்கைக் கட்டத்தில ஆராய்வம்" எண்டு போட்டிருக்கினம். 19 ஆம் மாதத்தைப் பற்றி ரீஓஆரில திரும்பத் தேடினன். 41 ஆம் பக்கத்தில "நிலைபேற்றுத் திட்டம்" எண்டு ஒரு அறிக்கை. அதுக்கு மொத்தக் காசில 5 வீதம். போட்டலுக்கு 30 வீதம். இரண்டு தரம் வாசிச்சும் அதைக் கவனிக்கேல்லை.

திட்டம் கிடைச்சால் என்னையே அனுப்பவேணும், காசு நாள் கணக்கில எண்டு மின்னஞ்சலில உறுதி வாங்கிப்போட்டுக் கையெழுத்து வைச்சிட்டன். ஒரு விசயம் கேட்டன், ஓம் எண்டிட்டினம்: என்ர 40 நாளையும் ஒரே மூச்சில எடுக்காமல், 10 நாளைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்கச் சொல்லி. அந்த நாட்டு உத்தியோகத்தர் பதிவைப் புதுப்பிக்கினமோ எண்டு பாக்க.

ஐயா, அந்த மூண்டு பட்டியலையும் ஒருக்காப் பாக்கலாமோ? பயிற்சியில உதாரணமாக் காட்டலாம் எண்டு யோசிச்சன். பெயருகளை எடுத்துப்போட்டுத்தான்.


சங்கிலிக்காரன் (கொக்குவில்)

10 நாளைக் கடைசிக்கு வைச்சது எனக்கு வராத புத்தி.

சனிக்கிழமை பின்னேரம் வாரும். பென்டிரைவ் கொண்டுவாரும், என்ர கணினியில இன்ரநெற் நம்பேலாது. மூண்டாவது பட்டியலில 212 ஆம் இலக்கக் கிணறு இன்னும் எங்க எண்டு நான் கண்டுபிடிக்கேல்லை. காணிப் பெயர் இருக்கு, சொந்தக்காரர் கனடாவில, விதானையாருக்கும் தெரியாதாம். உமக்கு மோட்டர்சைக்கிள் இருக்குத்தானே?